கண்டக்குழிக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

இந்தியாவில் 2017இல் வந்த நாய் இனவிருத்தி விதிகளை மனமார வரவேற்கிறேன். குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் ஆகாது. இவ்வளவு நல்ல விதிகள் கடல் தாண்டி இலங்கைக்கும் வரட்டும். நம்மிடம் 1901ஆம் ஆண்டு நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பாவம், அதற்கும் வயதாகிவிட்டது.

கண்டக்குழி மீன்பிடிக் கரையில் இந்த இனவிருத்தித் தொழில் விண்ணப்பமே இல்லாமல் நடக்கிறது. வலை ஏறியதும் சூடைத் தலைக்காக வாடியோரம் காத்து நிற்கும் செவலைப் பெட்டையைப் பாருங்கள். வயிறு மணலைத் தொடுகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈற்று. கவிழ்த்து வைத்த வள்ளத்தின் கீழே பிரசவ விடுதி. தகப்பன் யாரென்று கேட்டால் கரையே வாலாட்டும். இது வியாபாரமா, பொழுதுபோக்கா? தீர்மானிக்க ஓர் உத்தியோகத்தரை நிரந்தரமாக நியமிக்கலாம். நடுநிசியில் டோர்ச்சும் பதிவேடுமாக அவர் கரையில் நடந்து, ஒவ்வொரு சேர்க்கையையும் மூன்று பிரதியில் எழுதட்டும். நாய்கள் வரிசையில் நிற்கும். மனிதரைவிட அவற்றுக்கு அது பழக்கம்.

ஒரே சிக்கல், படிவத்தில் உரிமையாளர் என்ற கட்டம். "அது நம்மட நாய் இல்லையே, சும்மா வரும்" என்கிறது ஊர் ஒரே குரலில்.

பிறகு கைட் சர்ஃபிங் விளையாட வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, செவலையின் குட்டியொன்றைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோக விலை கேட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெட்டைக்கு ஏழு உரிமையாளர்கள். இரண்டு பேர் சாதிச் சான்றிதழும் தருவதாகச் சொன்னார்கள்.