கழுவியல்: தல்லாகுளத்து மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

மொட்டைமாடிப் பாசியைப் போக்குவதில் உலகில் இரண்டு நெறிகள் உண்டு. தண்ணீரை ஓங்கி அடித்து அழுக்கை விரட்டுவது ஒன்று. மருந்தை மெல்லத் தெளித்துவிட்டு அது தானாகக் கழன்று போகும்வரை காத்திருப்பது மற்றொன்று. முன்னதைப் பிரஷர் வாஷ் என்றும் பின்னதை சாஃப்ட் வாஷ் என்றும் வழங்குவர். வைணவம் அறிந்தவர்க்கு இது புதிதன்று. குரங்குக் குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பது தென்கலை. பிரஷர் வாஷ் குரங்கு நெறி, சாஃப்ட் வாஷ் பூனை நெறி. இந்த வழக்கு மதுரைத் தல்லாகுளத்து வழியில் எப்போதோ தீர்ந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று, சித்திரைத் திருவிழா. மலையிலிருந்து இறங்கிவரும் கள்ளழகருக்குத் தல்லாகுளத்தில் எதிர்சேவை நடக்கிறது. பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஆண்டாள் சூடிய மாலையை ஏற்று, தங்கக் குதிரையில் வைகைக்குப் புறப்படுகிறார். சித்திரை வெயிலில் சாமி குளிரட்டும் என்று பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, இடுக்கிப் பிடித்து அமுக்க, மெல்லிய குழல் வழியே நீர் பீய்ச்சியடிக்கும். 1989-இல் வெளிவந்த ‘அழகர் கோயில்’ ஆய்வில் தொ. பரமசிவன் இவர்களைத் துருத்திநீர் தெளிப்போர் என்று தனி அடியார் வகையாகவே பதிவு செய்திருக்கிறார். இன்னும் பின்னே போனால், பரிபாடலின் வையைப் பாடல்களில் புனலாடுவோர் கையில் நீர் பீய்ச்சும் சிவிறி இருக்கிறது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியைக் கொண்டுவந்தது 1950-இல். மதுரைக்காரர்களின் பேட்டன்ட் அதற்குள் காலாவதியாகிவிட்டது.

பிற்காலத்தில் குரங்கு நெறியினர் தோல்பையை விட்டுவிட்டு பிரஷர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் சாமி மேலும் பட்டர் மேலும் அறைந்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2024-இல் அதிக அழுத்தப் பம்ப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. பழைய தோல்பைக்குத் தடையில்லை. கழுவியலில் இதைவிடத் தெளிவான முன்தீர்ப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு முறையால் கல்லைச் சுத்தம் செய்யப்போய், அழுக்கோடு கல்வெட்டும் தேய்ந்து, கடைசியில் அம்முறையே தடைசெய்யப்பட்ட கதையை இதற்கு அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, கருவி வாங்கப் புறப்படும் தொடக்க மாணவரைக் கவனிப்போம். அவர் நேரே மிஷினைப் பார்க்கிறார். பெட்டியில் 130 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கிறங்குகிறார். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழ்க் குழாயில் கிடைப்பது 1 பார்தான். ஆகவே கிறக்கம் நியாயமே. ஆனால் அழுத்தம் வேறு, தண்ணீர் வேறு. வீட்டு மிஷின் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும். தல்லாகுளத்துக் கோடையில் குழாய் தருவதோ நூல் கனத்துக்கு. உறிஞ்சத் தண்ணீரின்றி ஓடினால் பம்ப் சூடேறி சீல் போய்விடும். எனவே முதலில் வாங்க வேண்டியது 200 லிட்டர் நீல டிரம். அதுவும் ஏறக்குறைய அரைமணி நேரம்தான் தாங்கும். அதற்குள் மாடியின் எந்த மூலை முக்கியம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. போர் தண்ணீரென்றால் உள்வாயில் வலை ஃபில்டர் கட்டாயம். மணல் ஒரு துளி போனாலும் நாசில் அடைத்துக்கொள்ளும். உப்புப் படிவதை ஃபில்டரும் தடுக்காது; வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 1,800 வாட் மிஷின் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் கழுவப்படுவது வயரிங்தான். பவர் பிளக் வேண்டும், எர்த் வேண்டும், ஈரக் காலோடு நிற்பவருக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

நாசில் பற்றித் தனி நூலே எழுதலாம். நிறம் போட்ட செட்டில் சிவப்பு பூஜ்யம் டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. சிவப்பு நாசிலின் நீர் ஊசிபோல வரும். பூச்சைக் கீறும், ஸ்கூட்டர் ஸ்டிக்கரை உரிக்கும், தோலையே துளைத்து உள்ளே போகும். சின்னப் பொத்தலாகத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. தொடக்கநிலை மாணவர் பச்சையையும் வெள்ளையையும் தாண்டக் கூடாது.

கள ஆய்வுக்குத் தெருமுனைக் காம்பவுண்டுச் சுவர் எடுத்துக்கொள்ளப்பட்டது. மதுரைச் சுவரின் மேல்மண் போஸ்டர். அழுத்தம் கொடுத்து அடித்தபோது மேலடுக்கான கண்ணீர் அஞ்சலி தாறுமாறாகக் கிழிந்தது. அடியிலிருந்த காதணி விழாவில் தாய்மாமன்மார் பாதிப் பேர் மிஞ்சினர். அதற்கும் கீழே ஒரு தலைவரின் ஒற்றைக் கை மட்டும் கும்பிட்டு நின்றது. சுண்ணாம்பும் காரையும் பெயர்ந்து செங்கல் வெளிப்பட்டது. பக்கத்துச் சுவரை வெறும் தண்ணீரில் நனையவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மைதாப் பசை ஊறி, மூன்று தலைமுறையும் ஒரே தாளாக வழன்று கீழே விழுந்தது. மார்ஜார நியாயம், அதாவது பூனை நெறி, இங்கே ஐயமின்றி நிறுவப்பட்டது.

ஆகவே பூனை நெறிக்கு ஆகும் கருவி எது? வெளிநாட்டில் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், தொட்டி, ஹோஸ் ரீல் என்று வண்டி கட்டுகிறார்கள். நம் ஊரில் அதே பம்ப் விவசாயியின் முதுகில் தொங்குகிறது. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்கினால் போதும். களைக்கொல்லி அடித்த பழசை இரவல் வாங்கினால் பாசியோடு துளசியும் போகும். மருந்து, சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் கிடைப்பதைச் சுவருக்கு ஒரு சதவீத அளவுக்கு நீர்க்கச் செய்து, சுவரில் ஒட்டி நிற்கச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். செடிகளை முன்னதாகவே தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். பத்து நிமிடம், காயவிடாமல். பிறகு அலச வேண்டும். வெயிலில் வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும் என்பதால் மதுரையில் காலை ஏழு மணிக்குள் கடை கட்டிவிடுவது உத்தமம். கண்ணாடியும் கையுறையும் அவசியம். பாத்ரூம் ஆசிட்டை இதனுடன் கலந்து வீரியம் கூட்டலாம் என்று யோசனை சொல்பவரைத் தெருவுக்குள்ளேயே விடாதீர்கள். கலந்தால் வருவது குளோரின் வாயு.

பிரஷர் மிஷினே வேண்டாமா என்றால், வேண்டும். சிமெண்ட் தரைக்கும் வண்டிக்கும் அதுவே கதி. முதல் செலவு டிரம், இரண்டாவது ஸ்பிரேயர், மூன்றாவதுதான் மிஷின் என்பதே வாங்கும் முறை. கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்வார். அவர் பிழைப்பு அது.

எஞ்சியிருப்பது இரவலியல். மிஷின் வீட்டுக்கு வந்த செய்தி தெருவில் பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். “அண்ணே, ஸ்கூட்டிய மட்டும் ஒரு தண்ணி அடிச்சுட்டுத் தந்துர்றேன்” என்று வாங்கிப் போவார்கள். சாயங்காலம் அந்த வாசலில் பொலேரோ, அதற்குப் பின்னால் மச்சினன் வீட்டு டிராக்டர். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஒரே தெரு. சிவப்பு நாசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்.