48 டன் சாமர்த்தியம்

கேள்வி: கனமும் பலமும் கூடியிருப்பதுதானே ரயில் என்ஜினுக்கு அழகு? இலேசான என்ஜினை எவராவது விரும்பிச் செய்வார்களா?

பதில்: ஜப்பானிய தேசிய ரயில்வேயார் 1971 முதல் 1975 வரை, ஒன்றல்ல, 65 செய்தார்கள். பீமசேனனைப் பரண்மேல் ஏற்றினால் அவன் பலம் தெரியாது. பரண் முறியும் ஓசைதான் கேட்கும். மலைச்சரிவுகளை ஒட்டிச் செல்லும் கிராமியக் கிளைப் பாதைகளின் மெல்லிய தண்டவாளங்களும் பழைய பாலங்களும் பெரிய டீசல் என்ஜின்களின் பாரத்தைத் தாங்கமாட்டாமையால், சி12, சி56 என்னும் சிறு நீராவி என்ஜின்களே அங்கே நெடுங்காலம் உழைத்து வந்தன. அவற்றுக்கு ஓய்வளிக்கப் பிறந்த டிடி16 வகையின் சூட்சுமமெல்லாம் ஒரு வகுத்தல் கணக்கில் அடங்கிவிடும்: மொத்த எடை 48 டன், அச்சுகள் 4, ஆகவே ஓர் அச்சின் கீழ்த் தண்டவாளம் சுமப்பது 12 டன் மாத்திரமே. முந்திய டிடி13 இரண்டு டீசல் இயந்திரங்களைச் சுமந்து திரிய, இது 800 குதிரைத் திறனுள்ள ஒன்றையே வைத்துக்கொண்டு, எண்ணெயின் சுழற்சியால் சக்கரங்களுக்கு விசையைக் கடத்தியது. எளிய கிராமத்துப் பாதையை இடித்துக் கட்டச் சொல்லாமல், அதன் சக்திக்குத் தன் உடலைக் குறைத்துக்கொண்ட இந்தப் பண்பை நான் மனமாரப் போற்றுகிறேன். பிற்காலத்தில் இவற்றுள் சிலவற்றுக்குப் பனியை ஒதுக்கும் கலப்பைகளைப் பூட்டி, குளிர்காலப் பாதைகளைத் துப்புரவாக்கும் வேலையையும் கொடுத்தார்கள்.