சேனைக்கிழங்கும் தெய்வ மகனும்

கேள்வி: போன சனிக்கிழமை உங்களை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். சேனைக்கிழங்கு முன்னால் நின்று 'தெய்வ மகன், தெய்வ மகன்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்களே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?
– ஒரு வாசகி, லட்சுமிபாய் நகர்

பதில்: உடம்பு தேவலை. விலையைக் கேட்டதில்தான் லேசாகத் தலைசுற்றல். முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கண்ணெதிரே நிறுத்தியிருந்தார்கள். வாழைப்பூவுக்குத் தனிக் கூடை. சேனை மட்டும் மருவும் மண்ணுமாகத் தரையில், சாக்கின் மேல். வந்தவர்களெல்லாம் அதைத் தாண்டிப் போய்ச் சின்ன வெங்காயத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். கடைக்காரர், "ஜிமிகந்த் ஸாப், நல்ல சேனை, லேலோ" என்று ஒரு கீற்று சீவிக் காட்டினார். உள்ளே என்ன அழகான இளஞ்சிவப்பு! 'தெய்வ மகன்' படத்தில் தழும்பு முகத்தோடு வரும் சிவாஜியின் கண்ணன் ஞாபகத்துக்கு வராமல் வேறு யார் வருவார்?

கேள்வி: நோட்ர டாம் கூனன் கார்ட்டூன் பார்த்துவிட்டு என் பையன் ஒரே அழுகை. இப்படி ஒரு கதை நம்மிடம் உண்டா?
– மயூர் விஹார் அம்மா

பதில்: கார்ட்டூனுக்கே அழுகிறான் என்றால் விக்டர் யூகோவின் நாவலை அவன் கண்ணில் காட்டாதீர்கள். 1996-ல் டிஸ்னி அந்தக் கூனனைப் பிழைக்கவைத்து, ஊரார் தோளில் ஏற்றி அனுப்பியது. 1831-ல் யூகோவோ, காதலித்தவளின் பிணத்துக்குப் பக்கத்திலேயே அவனை எலும்பாக்கி முடித்திருந்தார். தமிழில் 1963-ல் பி. மாதவன் இயக்கிய 'மணி ஓசை' உண்டு, கல்யாண்குமார் கூனன். ஆனாலும் என் ஓட்டு 1969-ல் வந்த 'தெய்வ மகனு'க்கே: அப்பா, மூத்த மகன் கண்ணன், தம்பி என்று மூன்று வேடமும் சிவாஜி.

கேள்வி: அந்தப் படத்தில் ஜெயலலிதாவுக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லையா? கண்ணனை ஏன் ஏற்கவில்லை?
– ஒரு சிவாஜி பக்தர், கரோல்பாக்

பதில்: பக்தரே, அந்த நிர்மலாவை ஏன் திட்டுகிறீர்கள்? அவள் தம்பியின் காதலி. கண்ணன் ஆசைப்படுகிறான், விஷயம் தெரிந்ததும் ஒதுங்கிவிடுகிறான். அவனை வேண்டாமென்ற முதல் ஆள் அவள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்: பெற்ற அப்பா! குழந்தையின் தழும்பு முகத்தைப் பார்த்ததுமே கொன்றுவிடச் சொல்கிறார். மேஜர் சுந்தரராஜனின் டாக்டர் மனம் வராமல் ஆசிரமத்தில் சேர்த்துவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், அப்பா கன்னத்திலும் அதே தழும்புதான். அவருக்கு மட்டும் பங்களா, கம்பெனி, பண்டரிபாய் மாதிரி ஒரு மனைவி. தழும்பு பார்த்துத்தான் பெண் மறுப்பாள் என்றால் அப்பாவுக்கு எப்படிக் கல்யாணம் நடந்தது? கையில் காசிருந்தால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. ஆசிரமத்துப் பையனுக்கு அது முகம் முழுக்கத் தெரியும். பிறகு மகன் வந்து நின்றதும், தொகை எழுதாத ஒரு செக்கை நீட்டுகிறார் பாருங்கள், மனுஷருக்குப் பாசத்தைச் சொல்லத் தெரிந்த ஒரே பாஷை அது! கண்ணன் தொடவில்லை. அவனுடைய ஒருதலைக் காதல் நிர்மலாவிடம் என்று ஊர் சொல்லும். நான் அப்பாவிடம் என்பேன். மூன்று சிவாஜிகளும் ஒரே அறையில் நிற்கும் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அப்பா பேசும்போது அப்பாவைப் பார்க்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் கண்ணனைப் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்கருக்குப் போன படமாமே?
– சரோஜினி நகர் வாசகர்

பதில்: போனது. தமிழிலிருந்து அனுப்பிய முதல் படம். அங்கிருந்து பதில் வரவில்லை. அதுவும் ஒருதலைதான்.

கேள்வி: என் டெல்லி மருமகளுக்குத் தமிழ் வராது. இந்தியில் காட்ட வழியுண்டா?
– மாமியார், ஆர்.கே.புரம்

பதில்: 1976-ல் வந்த 'பைராக்'. மூன்று வேடமும் திலீப்குமார். மூத்தவனுக்குத் தழும்புக்குப் பதில் கண் பார்வை இல்லை. மருமகளைக் கவர வேண்டுமென்றால் படத்தோடு கொஞ்சம் சேனை வறுவலும் வையுங்கள்.

கேள்வி: அழகில்லாதவனுக்குக் காதல் கைகூடிய தமிழ்ப் படமே கிடையாதா?
– கல்யாணத்துக்குக் காத்திருப்பவன், முனீர்கா

பதில்: 2004-ல் 'பேரழகன்' இருக்கிறதே! சூர்யா கூனன், டெலிபோன் பூத் வைத்திருப்பவன். ஆனால் ஜோதிகாவுக்குப் பார்வை கிடையாது. நம் படக்காரர்கள் ஜாக்கிரதைக்காரர்கள்! பார்வை வந்த பிறகும் அவள் அவனையே தேடி வருகிறாள் என்பது உங்களுக்கான ஆறுதல். போட்டோவை அனுப்பிவிட்டுத் தைரியமாகக் காத்திருங்கள்.

கேள்வி: கடைசியில் அந்தச் சேனையை வாங்கினீர்களா இல்லையா?
– அதே லட்சுமிபாய் நகர் வாசகி

பதில்: முக்கால் கிலோ. நல்லெண்ணெய் தடவிக்கொள்ள மறந்து வெறும் கையால் நறுக்கிவிட்டு, இரண்டு நாளாகச் சொறிந்துகொண்டே இந்தப் பதில்களை எழுதுகிறேன். புளித்தண்ணீரில் வேகவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, மொறுமொறுவென்று வறுத்தேன். தட்டு காலி. கை கழுவிக்கொண்டே எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "முருங்கைக்காய் சாம்பார் பிரமாதம்!"