மதகுக்குப் பின்னால் தேங்கிய இசை

கேள்வி (உத்தமபாளையம் வாசகர்): ‘மடை திறந்து’ பாட்டில் இளைஞன் தன்னைப் பற்றியே பாடுகிறானே, தற்பெருமைக்கு இத்தனை நல்ல மெட்டா?

பதில்: பெற்றுவிட்டதைப் பறைசாற்றுவதே தற்பெருமை. 1980இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’, வேலையற்ற இளைஞர்களின் கதை. அதில் சந்திரசேகர் ஏற்ற பாத்திரமோ, வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன். பிறர் செவிக்கு எட்டாமலேயே அவனுக்குள் எவ்வளவு இசை தேங்கிக் கிடந்தது என்பதைத்தான் அப்பாட்டு சொல்கிறது. மடை என்பது நீரைத் தேக்கி, வேண்டும்போது வயலுக்கு விடும் திறப்பு; நீர்மட்டம் போதுமான ஆண்டுகளில், ஜூன் மாதம் தேக்கடி மதகு திறந்து முதல் போகத்துக்கு நீர் இறங்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்வயலுக்கும் அதுவே உயிர் என்பதால், அந்த உவமை யாருக்காகப் பாய்கிறது என்று இப்பகுதி உழவருக்கு விளக்கத் தேவையில்லை. கேட்பவரைத் தேடிப் புறப்பட்ட ‘நான்’ அது.

கேள்வி (தேவாரம் வாசகர்): இதை எங்கள் பக்கத்துப் பாட்டு என்று கொண்டாடலாமா?

பதில்: பாதி கொண்டாடலாம். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர், இயக்குநர் அல்லிநகரத்துக்காரர். அப்படத்தில் அறிமுகமான வடுகபட்டி வைரமுத்து எழுதியது ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ மட்டுமே. ‘மடை திறந்து’ ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலியுடையது, அப்போது அவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் தாய்மொழியோ தெலுங்கு. ஆயினும் பாட்டின் உயிர் பண்ணைப்புரத்தில் இருக்கிறது என்று சொல்ல வலுவான காரணம் உண்டு: அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, பிற இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக உழைத்து, முப்பதைக் கடந்த பின்பே 1976இல் ‘அன்னக்கிளி’யால் அறியப்பட்ட இளையராஜா, அப்பாடல் காட்சியில் தாமே தோன்றுகிறார். கதைமாந்தனின் காத்திருப்பும் படைத்தவரின் காத்திருப்பும் அங்கே ஒன்றாகின்றன.

கேள்வி (கம்பம் வாசகர்): மலேசியப் பிள்ளைகள் இதை ராப் ஆக்கிக் கெடுத்துவிட்டார்களா?

பதில்: ராப் என்பது தாளத்தின் மேல் எதுகையோடு விரைந்து பேசிப் பாடும் முறை. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் தங்கள் ‘வல்லவன்’ தொகுப்பில் இப்பாட்டை எடுத்துத் தம் சொற்களைச் சேர்த்ததால், படம் வந்தபோது பிறந்திராத தலைமுறையும் அதைத் தன் பாட்டாக ஏற்றது. கெடவில்லை, பெருகியது.

கேள்வி (போடிநாயக்கனூர்த் தாய்): என் மகன் நாள் முழுதும் இதையே சத்தமாக வைக்கிறான், படிப்பு என்னாவது?

பதில்: தெருவுக்குத் தொல்லையில்லாமல் ஒலியைக் குறைக்கச் சொல்வது நியாயமே. அதற்கு முன், அவனுக்கு ஏதேனும் இசைக்கருவி கற்க ஆசை உண்டா என்று ஒருமுறை கேளுங்கள், அம்மா. உண்டு என்றால், தேர்வு முடியும்வரை காக்க வைக்காமல் ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.