வன எல்ஃப் அரசில் காலிப் பீப்பாய்களின் இடம்: ஓர் ஆய்வு

எல்ஃப்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களுடைய பாட்டு, வில்வித்தை, காதின் கூர்மை ஆகியவற்றிலேயே காலத்தைக் கழித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் காலிப் பீப்பாய் எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆதார நூல் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937). களம் மிர்க்வுட் காடு. காட்டில் வாழ்பவர்கள் காயும் கனியுமாக அங்கேயே பிழைத்துக்கொள்வார்கள் என்பது நம் எண்ணம். நூலோ வேறு சொல்கிறது. இங்குள்ள எல்ஃப்கள் சுரங்கம் தோண்டுவதில்லை. உழவிலும் வணிகத்திலும் பெரிய நாட்டமில்லை. அரசர் இருப்பது குகைக்குள். அவர் விருந்துக்கு ஒயின் டோர்வினியனிலிருந்து வருகிறது. போகட்டும், ஒயின் அரசபோகம். வெண்ணெயும் ஆப்பிளும்கூடப் பீப்பாயில்தான் வந்து இறங்குகின்றன. இத்தனை மரங்களுக்கு நடுவே இருந்துகொண்டு ஆப்பிளை வெளியிலிருந்து தருவிக்கும் சமூகத்தைத் தற்சார்புச் சமூகம் என்று எந்த வாயால் சொல்வது?

வந்த பீப்பாய் திரும்பியாக வேண்டும். அதற்கான ஏற்பாடு அபாரம். அரண்மனை நிலவறைக்குக் கீழே ஓடை ஓடுகிறது. தரையிலுள்ள ஓக் பலகைக் கதவைத் தூக்கிப் பீப்பாயை உருட்டிவிட்டால் போதும். ஓடை அதை ஆற்றில் சேர்க்கும். காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒதுங்குபவற்றை ஆட்கள் ஒன்றாகப் பிணைத்து, தெப்பமாக்கி, ஏரிக்குள் இருக்கும் எஸ்கரோத் ஊருக்கு ஓட்டிப்போவார்கள். வண்டிக்கூலி மிச்சம். ஆனால் ஆற்றையும் கரையையும் யார் பராமரிப்பது என்பதில் ஏரிக்காரர்களுக்கும் எல்ஃப்களுக்கும் ஓயாத சச்சரவு. சாகாவரம் பெற்றவர்களுக்கும் கரைத் தகராறு தப்பவில்லை.

இந்நூலில் அரசருக்குப் பெயரே கிடையாது. திராண்டுவில் என்ற பெயர் 1954இல் வந்த அடுத்த நூலில்தான் தெரியவருகிறது. பட்லருக்கோ அப்போதே பெயர் உண்டு: காலியன். அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தக் காலியன், விருந்து நாளன்று அரசருக்கென்று வைத்திருந்த ஒயினைக் காவல் தலைவரோடு சேர்ந்து குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். மாய மோதிரத்தின் தயவால் கண்ணுக்குத் தெரியாமல் திரிந்த கதைநாயகர் பில்போ, சாவியை எடுத்து, அரசர் சிறைவைத்திருந்த தம் வழித்துணைகளான 13 குள்ளர்களையும் பீப்பாய்க்கு ஒருவராக அடைத்துவிட்டார். உருட்ட வந்த எல்ஃப்கள், காலிப் பீப்பாய் இப்படிக் கனக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். காலியன் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார். காலி என்று கணக்கில் ஏறிய பொருளுக்குக் கனம் இருக்க முடியாது என்பது கிடங்கு நிர்வாகத்தின் ஆதி விதி.

ஆப்பிள் இறக்குமதிக்கு நேரடிச் சாட்சி ஃபீலி என்ற குள்ளர். பீப்பாயை விட்டு வெளியே வந்ததும், இனி ஆயுளுக்கும் ஆப்பிள் வாசனையே வேண்டாம் என்றார். இத்தகைய முதல்நிலைச் சான்றை ஆய்வுலகம் பொருட்படுத்தாதது வருத்தத்துக்குரியது.

பில்போ ஊர் திரும்பும் வழியில், தாம் திருட்டுத்தனமாகத் தின்ற ரொட்டிக்கும் குடித்த ஒயினுக்கும் ஈடாக, வெள்ளியும் முத்தும் கோத்த கழுத்தணி ஒன்றை அரசருக்குக் கொடுத்தார். பீப்பாய்கள் உரிய ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தக் கணக்கில் பாக்கி எதுவும் எழவில்லை.