கம்பி கக்கிய அழுக்கு

கேள்வி: குழாய் ரிப்பேருக்கு வந்தவர், எங்கள் வீட்டுத் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். பழுப்பாகித் திரிந்துவிட்டது! அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவர் விற்கும் ஆர்.ஓ. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா! அந்தப் பழுப்பு அவருடைய இரும்புக் கம்பி அரித்து வந்த துரு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. உடம்புக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் இருந்தாலும் கம்பி கரையத்தான் செய்யும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கம்பிக்கு வேலையில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் விடச் சொல்லுங்கள். அவருடைய சுத்தமான தண்ணீரும் சாக்கடையாகும்! பயத்தை விற்பது வியாபாரமல்ல, மோசடி. குழாய் ஒழுகினால் வாஷரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். தண்ணீரில் சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கலாம். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.