முன்செவரு மினுக்கு

வாரும் மாப்ளே. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வந்த கையோட வீட்டையும் கழுவிப்புடணும்னு, பெங்களூருல இருந்து தண்ணி பீய்ச்சுற மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கீராமே? நல்ல காரியம். அழுக்கு மட்டுமா போவும்? ஓட்டுக்கு அடியில தண்ணி ஏறும், இடுக்குல இருக்கிற பழைய சுண்ணாம்புச் சாந்தும் கரைஞ்சு வந்துரும். பொறவு கழுவுறதுக்குச் செவரே இருக்காது. வேலை மிச்சம்.

பெயிண்டும் வாங்கியாச்சுன்னு உம்ம அத்தை சொன்னா. ரோசாப்பூ கலராம், முன்செவருக்கு மட்டுமாம். சரியான முடிவு வே. கோயிலுக்கு வார சொந்தக்காரன் எவனாவது பொறவாசல் பக்கம் எட்டிப் பாப்பானா? ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்தையும் சாரலையும் மேக்குச் செவருதான் நெஞ்சைக் குடுத்து வாங்குது. வாங்கட்டும். அது உழைக்கிற செவரு. உழைக்கிறவனுக்கு நம்ம குடும்பத்துல என்னைக்குப் புதுத்துணி எடுத்திருக்கு?

ஒண்ணு மட்டும் கேளும். உம்ம தாத்தா கட்டினது சுண்ணாம்புச் சாந்துச் செவரு. மழையில ஈரத்தை வாங்கும், வெயில்ல விட்டுரும். அதுமேல பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசினீருன்னா ஈரம் வெளிய போக வழியில்லாம உப்பைத் தள்ளி, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமா எழுப்பிவிடும். அடுத்த உத்திரத்துக்குள்ள ரோசாப்பூ இதழ் இதழா உதிரும். அதுக்குத்தான் அந்தக் கலரு வாங்கினீரோ என்னமோ.

வெள்ளையடிக்க மனசிருந்தா, கல்லுச் சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமாப் போடும். கொதிக்கும். படிச்சவன் கணக்கா குனிஞ்சு ஆராய்ச்சி பண்ணாதீரு, தெறிச்சா கண்ணு போயிரும். ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டு, வடிகட்டி, ஒரு கை உப்பும் துளி நீலமும் சேரும். செவரை நல்லா நனைச்சுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள அடிக்கணும். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் குடிச்சுத்தான் திரும்பவும் கல்லாவுது. அதுக்கு ஈரம் வேணும். மே மாசத்து அக்கினி நட்சத்திர வெயில்ல அடிச்சா சட்டுனு காய்ஞ்சு மாவா நிக்கும். சாஞ்சு உக்காருறவன் முதுகெல்லாம் வெள்ளை. அதுலயும் ஒரு லாபம் இருக்கு: உம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு, சாப்பிடலன்னு எவனும் சாதிக்க முடியாது.

மட்டப்பா கைப்பிடிச் செவருல ஒரு அரசங்கன்னு நிக்குதே, பாத்தீரா? காக்கா எச்சத்துல வந்த விதை. போன வருசம் அருவாளால தலையைச் சீவிட்டு ஜம்முனு ரயிலேறிட்டீரு. இப்போ ரெண்டு கிளை. உம்ம மெஷினை நேரா அதுமேல புடியும், தாகம் தீரும். வேரோட நோண்டி எடுத்து இடுக்கைச் சாந்து வச்சு அடைக்கணும். முடியலயா, விட்டுரும். செவரு ரெண்டா பொளந்ததும் அடியில ஒரு புள்ளையாரை வச்சுக்கலாம். தட்டுல விழுற சில்லறை கொத்தனாருக்கு ஆவும்.

மாசியில வேம்பு உதிர்த்த சருகு பூரா மட்டப்பா குழாய் வாயிலதான் கெடக்கு. 2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேணும்னு அரசாங்கம் சட்டம் போட்டப்ப, எங்க அத்தான், அதான் உம்ம அப்பா, ஓடி ஓடிக் குழி தோண்டினாரு. பாக்க வந்தவங்க பாத்துட்டுப் போனதோட குழிக்கு விசேசம் முடிஞ்சுது. உள்ள என்ன இருக்குன்னு இப்போ எலிக்குத்தான் தெரியும். ஐப்பசி மழை மட்டப்பாவுல தேங்கி உம்ம கட்டில் மேல சொட்டும்போது, மழைநீரை வீட்டுக்குள்ளயே சேகரிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்துரலாம்.

பின்கட்டுல கெடக்கிறது மங்களூர் ஓடு. 1865-ல பாசல் மிஷன்காரங்க அங்க தொழிற்சாலை போட்டு ஆரம்பிச்ச சரக்கு. ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டு ஒழுகாம நிக்கும். ஆனா மேல குதிக்கிற குரங்குக்கு இந்த வரலாறெல்லாம் தெரியலியே! ஒரு ஓடு நகந்தா தண்ணி நேரா ரீப்பர்ல இறங்கும், கட்டை உளுத்தா கரையானுக்குக் கல்யாணம். நட்டநடு மத்தியானத்துல உள்ள போயி, விளக்கை அணைச்சுட்டு அண்ணாந்து பாரும். எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுதோ, அங்கெல்லாம் ஆடியில தண்ணி ஒழுகும். சாக்பீசால தரையில வட்டம் போட்டு வையும். ஓடு மாத்த ஆள் வரலைன்னாலும் அண்டா வைக்க இடம் தெரியும்.

ஆள் கெடைச்சா, எங்க கூரை பக்கந்தானே, அப்படியே ஒரு தாவு தாவச் சொல்லும். கூலியா? இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசினதுக்கு உம்மகிட்ட காசு கேட்டேனா? ஊருக்குப் போகும்போது அந்த மெஷினையும் இங்கனயே வச்சுட்டுப் போம். எருமை ரெண்டும் ரொம்ப அழுக்கா கெடக்கு.